மயில் வைத்த பக்கார்ட்

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோட்டில் நிற்காது, மேலேயும் கீழேயும் போகும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் சுத்தியலும் அரமும்தான். எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்று இன்றைக்கும் குழப்பம். பத்திரிகைக்காரர்கள் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். மற்றது எதையும் திருத்த வேண்டாம்.

வாசிக்கிறவர்களில் ஒருவருக்கு இது போய்ச் சேர வேண்டும். அவர் கண்டியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரைக்கும் ஒரு வரி விடாமல் வாசிப்பவர். பெயரை எழுதவில்லை. முதலாளி என்றே எழுதுகிறேன், நான் அவரை வேறு மாதிரிக் கூப்பிட்டதில்லை.

நான் மெல்பேர்ன் நகரத்துக்கு வடக்கே ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். பழைய அமெரிக்கக் கார்களைப் புதிதாக்குகிற இடம். பக்கார்ட், கடிலாக், லிங்கன் என்று ஒரு காலத்தில் பெரிய பணக்காரர்கள் ஓடிய வண்டிகள். கார்களின் மூக்கில், ரேடியேட்டருக்கு மேலே நிற்கிற சிலைகள் என் பொறுப்பு. லிங்கனுக்குப் பாய்ந்து ஓடுகிற வேட்டை நாய். கடிலாக்குக்குச் சிறகு முளைத்த பெண். பக்கார்ட்டுக்குப் பல உண்டு. ஒரு சக்கரத்தை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிக்கொண்டு பறக்கிற பெண் ஒன்று, கழுத்தை வளைத்துச் சிறகைத் தூக்கிய நீர்க்காகம் ஒன்று. சிலது பித்தளை, சிலது துத்தநாகக் கலவை. கலவையில் செய்ததுக்கு வயதானால் அம்மை போட்ட முகம் மாதிரிக் குழி விழும். ஒவ்வொரு குழியாகத் துளைத்துச் சுத்தம் பண்ணி, செம்பு பூசி, நிரப்பி, தேய்த்து, மறுபடியும் செம்பு, அதற்கு மேலே நிக்கல், கடைசியில் குரோம். ஒரு பறவைக்கு எனக்கு மூன்று வாரம் ஆகும். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

இந்தக் கார்ப் பைத்தியங்களுக்குச் சிலையை விடப் பெரிய பைத்தியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் பிறகு எழுதுவது விளங்காது. அமெரிக்காவில் ஸ்டியரிங் இடப்பக்கம். நம்முடைய மாதிரி நாடுகளுக்கென்று கம்பெனியே வலப்பக்க ஸ்டியரிங் வைத்துக் கட்டி அனுப்பிய பெரிய பக்கார்ட்டுகள் மிகக் குறைவு. மற்றதெல்லாம் இடப்பக்கமாக வந்து, பிறகு ஏதோ ஒரு கராஜில் வலப்பக்கத்துக்கு மாற்றியவை. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கம்பெனி வண்டி என்றால் உலகமே தேடி வரும். மாற்றிய வண்டி என்றால் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவார்கள்.

2

இங்கே என் பெயர் சன்னி.

அப்பா பெயர் சன்னாசி, என் பெயர் மாரிமுத்து. நம் ஊர் வழக்கப்படி அப்பா பெயர் முன்னால். கட்டாரில் நாலு வருடம் கார் தட்டி நிமிர்த்தும் வேலை செய்துவிட்டு, அங்கே பழக்கமான ஒரு மேற்பார்வையாளர் மூலம் இங்கே வர விண்ணப்பித்தபோது, இதில் குடும்பப் பெயர் எது என்று ஒரு அதிகாரி கேட்டார். "ஐ டோன்ட் நோ" என்றேன். மூன்று வருடம் கடதாசிகள் அங்கும் இங்கும் ஓடி முடிந்தபோது அப்பா பெயர் என் பெயராகவும் என் பெயர் குடும்பப் பெயராகவும் ஆகியிருந்தன. பட்டறை முதலாளி நிக் அதையும் வெட்டிச் சன்னி ஆக்கிவிட்டார். அவர் கிரேக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர். அவருடைய பெயரும் முழுசாக இவ்வளவு நீளம் என்று கையை விரித்துக் காட்டுவார்.

"ஐ டோன்ட் நோ" நான் கற்ற முதல் ஆங்கில வாக்கியம். இன்றைக்கும் என்னிடம் உள்ளதில் நல்லது அதுதான். வங்கியில், வைத்தியசாலையில், மகளின் பள்ளிக்கூடத்தில் அதைச் சொன்னால் விட்டுவிடுவார்கள். ஐந்தாம் வகுப்புக்காரன் தெரியாது என்று சொன்னால் யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

மகள் திவ்யாவுக்கு இருபது வயது. ஆசிரியர் வேலைக்குப் படிக்கிறாள். ஆறு வயதில் இங்கே வந்தவள், தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. நான் எழுதுவதை அவளால் வாசிக்க முடியாது, அவள் எழுதுவதை என்னால் வாசிக்க முடியாது. வீட்டுக்கு வரும் கடிதங்களை அவள் ஆங்கிலத்தில் வாசித்து எனக்குத் தமிழில் சொல்லும்போது பாதி ஆங்கிலமாகவே வரும். நான் தலையாட்டுவேன். அவளுடைய அம்மாதான் பிறகு எனக்கு விளக்குவாள்.

3

கட்டுகஸ்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்தேன். முதலாளிக்குக் கண்டி டவுனில் இரும்புச் சாமான் கடை, கட்டுகஸ்தோட்டையில் கராஜ். அந்தக் கராஜில் நான் டிங்கர், அதாவது நெளிந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவன். அவர் என்னைக் கூப்பிடுவதும் "டேய் டிங்கர்" என்றுதான்.

ஒரு பழைய துரை பங்களாவில் கோழி அடைந்து கிடந்த பக்கார்ட்டை அவர் வாங்கி வந்தார். எட்டுச் சிலிண்டர் எஞ்சின், பஸ்சுக்குப் பாதி நீளம். கல்யாணங்களுக்கு மணப்பெண் காராக விட வேண்டும் என்பது அவர் ஆசை. மூன்று வருடம் அதோடு நான் கிடந்தேன். தரைத் தகடு முழுசாக உக்கிப் போயிருந்தது. கதவுகளின் கீழ்ப் பாதியை நானே தட்டி எடுத்தேன். கையிலிருந்த ரேகை தேய்ந்துபோனது அந்த வண்டியில்தான்.

மூக்கில் ஒரு பறவை இருந்தது. முதலாளி கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"இது என்னடா, காக்காவா?"

"நீர்க்காக்கா மாதிரி இருக்குதுங்க முதலாளி. ஆத்துல முங்கி மீன் புடிக்குமே, அது."

"பொண்ணு மாப்புளைக்கு முன்னால காக்காவா பறக்கிறது? வெளங்கிடும்! கழட்டி ஆத்துல போடு. மயில் ஒண்ணு ஊத்தி வை. தோகை நல்லாப் பெருசா இருக்கணும்."

அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. மணப்பெண்ணுக்கு முன்னால் யார் காகத்தை வைப்பார்கள்? கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று மகாவலிக்குள் அதை எறிந்தது இந்தக் கைதான். இப்போது அதே பறவையைக் கையுறை போட்டுக்கொண்டு தொடுகிறேன். பித்தளையில் மயில் வார்த்து, அரம் போட்டு, ஒவ்வொரு தோகைக் கண்ணாகச் செதுக்கி வைத்தேன். நல்ல மயில் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இன்னொன்று. எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கிற இடத்துக்கும் நடுவே ஒரு இரும்புச் சுவர் உண்டு. மலை ஏறும்போது சூடு உள்ளே வரக் கூடாது என்று முன்பு யாரோ அதன் மேல் தார் பூசித் தகரம் அடித்திருந்தார்கள். அதை உரித்தபோது உள்ளே ஒரு சின்னத் தகடு தெரிந்தது. கழுத்தை மட்டும் திருப்பி, கராஜ் வாசலில் நின்ற முதலாளியிடம் சொன்னேன்.

"முதலாளி, உள்ளுக்கு ஒரு தகடு இருக்குதுங்க. இங்கிலீசுல எழுதியிருக்கு."

"தகட்டுல என்னடா இருக்கப் போகுது? பொண்ணுக்குக் கால் சுடாம இருக்கணும். மூடு."

மூடினேன். மூடுவதற்கு முன்னால் வரைந்துகொண்டேன். எழுத்து சரியாக வராதவனுக்கு அது பழக்கம். எதை மூடினாலும் எதைக் கழற்றினாலும் முதலில் ஒரு கொப்பியில் பென்சிலால் அப்படியே படம் போட்டுவிடுவேன். தகட்டின் எழுத்துகளையும் என்ன எழுத்து என்று தெரியாமல் படமாகவே வரைந்தேன். சுவரையும் வரைந்தேன். இடப்பக்கத்தில் ஒரு ஓட்டையோ ஒரு ஒட்டோ ஒரு வெல்டிங்கோ கிடையாது. அது என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

4

வண்டி முடிந்த வருடம் தங்கச்சி ஜெயாவுக்குக் கல்யாணம். முதலாளி நல்ல மனநிலையில் இருந்த ஒரு நாள் அவராகவே சொன்னார்: "தங்கச்சியக் கோயிலுக்கு நம்ம வண்டியிலேயே கூட்டிட்டுப் போடா." நான் கேட்கவில்லை. இதை அழுத்தி எழுதுகிறேன். கேட்கவே இல்லை.

லயத்துக்கு அந்தக் கார் வந்தபோது வேலைக்குப் போனவர்கள் கூடக் கொழுந்துக் கூடையோடு திரும்பி வந்து பார்த்தார்கள். பின் சீட்டில் ஜெயா, அம்மா, அத்தை, அத்தையின் மடியில் இரண்டு குழந்தைகள். முன்னால் டிரைவரோடு நான். கோயில் கண்டியில். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறியபோது எதிரே முதலாளியின் வேன் வந்தது. கையைக் காட்டி நிறுத்தினார். இறங்கி வந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

"யாரக் கேட்டுடா இத்தன பேர ஏத்தின?"

"நீங்கதானுங்க முதலாளி, தங்கச்சி கல்யாணத்துக்கு..."

"தங்கச்சின்னு சொன்னேன். லயத்தையே ஏத்தச் சொன்னேனா? நாளைக்கு டவுன்ல பெரிய எடத்துக் கல்யாணம். இதே சீட்டுல அந்தப் பொண்ணு உக்காரணும். எறங்கு. எல்லாரும் எறங்குங்க."

அம்மா கும்பிட்டாள். "ஐயா, பொண்ணு மட்டுமாச்சும் இருக்கட்டுங்க. நாங்க எறங்கி நடந்து வர்றோம்."

"வேணாம். சொன்னாச் சொன்னதுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை. பாலத்தில் இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றுவிட்டன. ஜன்னல் முழுக்கத் தலைகள். கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜெயா பாலத்தில் இறங்கி நின்றாள். பஸ்ஸிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். முதலாளி வேனிலிருந்து ஒரு துணியை எடுத்துத் தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்து நனைத்து டிரைவரிடம் கொடுத்தார். "சீட்டத் தொடச்சிடு." டிரைவர் என்னைப் பார்த்தான். பிறகு துடைத்தான். ஜெயா உட்கார்ந்திருந்த இடத்தை மூன்று தடவை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பின்னால் நின்ற ஒரு ஆட்டோக்காரர், அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் பெரியவர், தானாக முன்னால் வந்தார். "ஏறுங்க தங்கச்சி. அழ வாணாம், கண்ணு மை கரையுது. நான் கொண்டுபோய் உடுறேன்." அந்த ஆட்டோவில் போய்த்தான் என் தங்கச்சி தாலி கட்டிக்கொண்டாள். நல்ல நேரம் முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஐயர் மணியைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

அவர் இறங்கச் சொன்ன பிறகு நான் ஒரு சொல் பேசவில்லை. எனக்குக் கூச்சம் என்று அம்மா எப்போதும் சொல்வாள். இருபத்தெட்டு வயது ஆம்பிளைக்கு அதைக் கூச்சம் என்று சொல்வதா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் வேலைக்குப் போனேன். பெரிய இடத்துக் கல்யாணத்துக்காக அந்தக் காருக்குப் பூ கட்டியது நான். கட்டார் கடதாசி வருவதற்கு எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் "சரிங்க முதலாளி" என்றுதான் சொன்னேன்.

5

இந்த வருடம் ஜனவரியில் நிக் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார். "சன்னி! யுவர் கண்டி!"

திரையில் என் மயில் நின்றது.

இடது தோகையில் மூன்றாவது கண் கொஞ்சம் கோணல். அன்றைக்கு அரம் வழுக்கிவிட்டது. என் முகத்தில் ஏதும் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நிக் சிரித்துக்கொண்டிருந்தார். "பக்கார்ட்டுக்கு மயில்!" என்று சிரிப்பு.

விஷயம் இதுதான். கொழும்பில் பழைய கார் வைத்திருக்கிறவர்களின் கூட்டத்துக்கு முதலாளி அந்த வண்டியைக் கொண்டுபோய், இது கம்பெனியே செய்த வலப்பக்க வண்டி என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் மயிலைப் பார்த்துவிட்டு, மாற்றிய வண்டி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் வெளிநாடுகளுக்குப் படம் அனுப்பி ஒரு அத்தாட்சிக் கடிதம் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் பட்டறைக்கு வருகிற ஒரு டொக்டர், பக்கார்ட் சேர்க்கிறவர், அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். கம்பெனி வண்டி என்றால் அனுமதிக் கடதாசிகளுக்கெல்லாம் அலைந்து முழுசாக வாங்கி, முன்னால் முதலாளியின் பெயரையும் பலகையில் எழுதி வைப்பதாகச் சொன்னார். மாற்றிய வண்டி என்றால் எஞ்சின் மட்டும் போதும். எது என்று சொல்ல வேண்டியவர் நிக்.

நிக் வீடியோவில் அழைத்தார். நான் பின்னால் நின்றேன். என் முகம் அதில் விழாது.

முதலாளிக்கு வயதாகிவிட்டது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஆங்கிலத்தில் தடுமாறினார். "என்னிடம் உங்கள் ஊர் ஆள் இருக்கிறார், பெயர் சன்னி" என்றார் நிக்.

"தம்பி தமிழா? அப்பாடா! நீங்க எந்தப் பக்கம்?"

நீங்க. தம்பி. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"கண்டிப் பக்கந்தாங்க."

"நம்ம ஊரா! நல்லதாப் போச்சு. தம்பி, அந்தத் தொரைக்கு நல்லா எடுத்துச் சொல்லுங்க. கொழும்புக்காரனுங்க என்னையச் சபையில வச்சுச் சிரிச்சுட்டானுங்க. நாப்பது பேருக்கு முன்னால. மயில் வண்டிக்காரன்னு பேரே வச்சுட்டானுங்க. எனக்கு எழுபத்தாறு வயசு. சல்லி எனக்கு வேணாம் தம்பி. இது கம்பெனி வண்டிதான்னு ஒரு வெள்ளக்காரன் கையால ஒரு கடதாசி. அத வச்சுட்டுச் செத்தாப் போதும்."

நாற்பது பேருக்கு முன்னால் என்று சொன்னபோது அவர் குரல் உடைந்தது. உண்மையாகவே உடைந்தது. எனக்கு இரக்கம் வந்தது, மறைக்க மாட்டேன்.

நிக் கேட்டார், நான் தமிழில் சொன்னேன்: "எஞ்சின் பக்கத்துச் சுவர்ல ஒரு தகடு இருக்கணுமாம். தகரத்துக்கு அடியில ஏதாச்சும் இருக்குமான்னு கேக்கிறாரு."

"தகடா? அப்பிடி ஒண்ணும் கெடயாது. இருந்தா எனக்குத் தெரியாதா? அந்த வண்டிய இஞ்சு இஞ்சா எனக்குத் தெரியும்."

"தகரத்தக் கழட்டிப் பாக்க ஏலுமான்னு..."

"தொடவே கூடாது! பெயிண்டெல்லாம் போயிரும். நானே பக்கத்துல நின்னு செஞ்ச வண்டி தம்பி அது."

இருக்கிறது, நான்தான் உங்களிடம் சொன்னேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அவர் மறுபடி பேசினார்.

"டொக்டருக்கு இதையும் சொல்லுங்க. நல்ல குடும்பங்களுக்கு மட்டுந்தான் விட்டிருக்கேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு தோட்டத்து ஆளு அந்த சீட்டுல உக்காந்ததில்ல. அவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன்."

நிக் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். தகடு இல்லை என்கிறார், தகரத்தைக் கழற்ற விடமாட்டேன் என்கிறார் என்று சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"நீ என்ன நினைக்கிறாய், சன்னி?"

"ஐ டோன்ட் நோ."

6

அன்றைக்கு வேலை முடிந்து வந்து, அலுமாரியின் மேல் தட்டிலிருந்து கொப்பியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். திவ்யா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா இது? எழுத்தெல்லாம் உங்க ட்ராயிங்கா? இந்த 'என்' எழுத்து திரும்பி இருக்கு." பிறகு விரலை வைத்து வாசித்தாள். ஒரு நம்பர். ஒரு கடைப் பெயர். அதற்குக் கீழே, "கொழும்பு. அப்பா, கொழும்புன்னு இருக்கு!"

எனக்குத் தெரியும். இத்தனை வருடம் பட்டறையில் இருந்து அந்தத் தகடு என்னவென்று கற்றுக்கொண்டேன். கம்பெனியிலிருந்து வந்த வண்டியை எந்த ஊரில் எந்தக் கடை கைமாற்றிக் கொடுத்தது என்று அதில் அடித்திருப்பார்கள். கொழும்புக்கென்று வந்த வண்டி, இடப்பக்கம் ஸ்டியரிங் கம்பி போன பழைய ஓட்டையே இல்லாத சுவர். நிக்குக்கு இந்தப் பக்கத்தைக் காட்டினாலே தகரத்தைக் கழற்ற வைத்துவிடுவார்.

மகளுக்குப் பாலத்துக் கதையைச் சொன்னேன். அதுவரைக்கும் சொன்னதில்லை. அவள் அழுதாள். அழுது முடித்ததும் சொன்னாள்: "ஆனாலும் நீங்க நிக்குக்குச் சொல்லணும்பா."

"சொல்லியாச்சு. இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால அந்த மனுசன்கிட்டயே சொன்னேன். மூடுன்னாரு."

"அது வேற. காரு என்ன செஞ்சிச்சு? அது நீங்க செஞ்ச காரு, அப்பா."

அவள் கேட்டதற்காக என் முடிவு மாறவில்லை.

ஜெயாவுக்குப் போன் எடுத்தேன். கட்டுகஸ்தோட்டையில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் நின்றது.

"நீ என்ன சொன்ன அண்ணே?"

"தெரியாதுன்னேன்."

"தெரியாமயே இரு." என்றாள். "எங்க மாமியா கட்டையில போற வரைக்கும் அதச் சொல்லிச்சு, தெரியுமா? 'கார்ல இருந்து எறக்குன மகாராணி, கொஞ்சம் தேத்தண்ணி ஊத்து.' எம் புள்ளைங்களுக்கு முன்னால. சின்னவன் ஒரு நாள் கேக்கிறான், ஏம்மா ஒன்னைய எறக்குனாங்க, நீ சல்லி குடுக்கலியான்னு. நீ அங்க போயிட்ட. நான் அந்தப் பாலத்துலதானே தெனம் போறேன், வர்றேன்?"

"காரு பாவம்ங்கிறா ஒன் மருமக."

"அவளுக்கென்ன, அவ நல்ல புள்ள," என்றாள் ஜெயா. மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

7

நிக் கடிதம் எழுதினார். உரிமையாளரே தகடு இல்லை என்று சொல்வதால், இது பின்னால் மாற்றப்பட்ட வண்டி என்றே கொள்ள வேண்டும் என்று. திவ்யாதான் எனக்கு வாசித்துச் சொன்னாள், முகத்தைப் பார்க்காமல்.

வெள்ளைக்காரன் கையால் கடதாசி கேட்டவருக்கு வெள்ளைக்காரன் கையால் கடதாசி போனது. கொழும்புக்கும் அந்தச் செய்தி எப்படியோ போய்விட்டது. முதலாளி ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை என்று ஜெயா சொன்னாள். பிறகு கோபத்தில் எஞ்சினை டொக்டருக்குக் கழற்றிக் கொடுத்தார். வெறும் உடம்பு வாசலில் நிற்பதைப் பார்த்துப் போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்க, அதை அக்குறணைப் பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிட்டார்.

போன வாரம் ஜெயா பஸ்ஸில் போகும்போது கண்டு இறங்கியிருக்கிறாள். கேஸ் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்களாம். பின் சீட்டைத் தனியாகக் கழற்றி வெளியே மண்ணில் போட்டிருந்ததாம்.

"உக்காந்து பாத்தேன் அண்ணே," என்றாள். "கொடையப் புடிச்சுக்கிட்டு, நல்லாச் சாஞ்சு. கடைக்காரரு வந்து என்னம்மா வேணும்னாரு. ஒண்ணும் வேணாம் தொரை, கால் வலிக்குதுன்னேன். ஸ்பிரிங் குத்துது. இதுக்கா இத்தன ஆட்டம்!" சிரித்தாள். சிரிப்பு நிற்க நேரமாயிற்று. அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு மற்றது என்று எனக்குத் தெரியவில்லை.

எஞ்சின் அதற்கு முன்பே பெட்டியில் எங்கள் பட்டறைக்கு வந்துவிட்டது. பலகையைப் பிரித்தவன் நான். பச்சைப் பெயிண்ட் நான் அடித்தது. உள் மடிப்பில் என் தூரிகை மயிர் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் மூன்று வருடம் மொத்தமாக வந்து நெஞ்சில் ஏறியது. அந்த வண்டி போல ஒன்றை நான் அதற்கு முன்னும் செய்யவில்லை, பின்னும் செய்யவில்லை. அவரைப் பார்த்துச் சபை சிரிக்கட்டும் என்று விட்டதற்கு நான் கொடுத்த விலை என் கையால் செய்த ஒரே நல்ல சாமான். தெரிந்துதான் கொடுத்தேன்.

வெட்டி முடிந்தது என்று கேட்ட பிறகு நிக்கிடம் சொன்னேன். திவ்யா கூட வந்தாள், மொழிபெயர்க்க. கொப்பியையும் காட்டினேன். அவர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். டொக்டரிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். பிறகு, அந்த எஞ்சினை நீ இனித் தொட வேண்டாம் என்றார். தள்ளுவண்டியைக் கொண்டுவந்து அதை என் பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு அவரே இழுத்துக்கொண்டு போனார். அது நியாயம். திரும்பி வரும்போது திவ்யா காரில் என்னோடு பேசவில்லை. அதுவும் நியாயமாக இருக்கலாம்.

8

முதலாளி, இனி உங்களுக்கு.

இடப்பக்கம், பட்டரித் தட்டுக்கு மேலே ஒரு சாண். தகரத்துக்கும் தாருக்கும் அடியில். நாலு மூலையில் நாலு ஆணி. உங்கள் வண்டி கம்பெனி வண்டிதான். கொழும்புக்குக் கம்பெனியே வலப்பக்க ஸ்டியரிங் வைத்து அனுப்பிய பெரிய பக்கார்ட். நீங்கள் சொன்னது சரி. உங்களைப் பார்த்துச் சிரித்த நாற்பது பேரும் பிழை. நீங்கள் இதை வாசிக்கும்போது அந்தச் சுவர் எங்கேயோ உருகிக் கம்பியாகியிருக்கும்.

என் கொப்பியில் உள்ள படத்தை இத்தோடு அனுப்புகிறேன். பத்திரிகைக்காரர்கள் தயவுசெய்து அதைப் பெரிதாகப் போடுங்கள், நம்பர் தெளிவாகத் தெரியட்டும். உலகத்தில் அந்த வண்டிக்கு மிஞ்சியிருக்கிற அத்தாட்சி இது ஒன்றுதான். முதலாளி இந்தப் பக்கத்தை வெட்டியெடுத்து, கண்ணாடி போட்டு, கொழும்புக்குக் கொண்டுபோய் நாற்பது பேருக்கு முன்னால் காட்டலாம். அவர்கள் நம்புவார்கள். ஆனால் படத்தை மட்டும் காட்ட முடியாது. யார் வரைந்தது, ஏன் இத்தனை நாள் மறைத்தான் என்று கேட்பார்கள். பாலத்தில் இறங்கி நின்ற என் தங்கச்சியையும், நீங்கள் நனைத்துக் கொடுத்த துணியையும் சேர்த்துத்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம்.

மெல்பேர்ன், 2025 ஓகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை.